கடைசி அத்தியாயத்தைப் பிரித்துப் பூட்டிவையுங்கள்

பினாங்கில் தனியார் கல்லூரி ஒன்றில் தடயவியல் கணக்கியல், அதாவது கணக்குகளில் முறைகேட்டைத் துப்பறியும் பாடம், நடத்துகிறீர்கள். மாணவர்கள் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு போலிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்தால் அதில் என்ன கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை. மர்ம நாவல்களைப் பாடமாக வைத்தால் பயன் இருக்குமா, வகுப்பு வெறும் கதை நேரமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. பல ஆண்டுகள் தணிக்கை வேலை பார்த்துவிட்டு, ஜார்ஜ் டவுனில் மாலை வகுப்புகளில் இதையே செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: எந்த நாவலைக் கொடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைக் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கங்களைப் பிரித்து உங்கள் மேசைக்குள் பூட்டிவையுங்கள். நாவலில் குற்றவாளி நிச்சயம் இருக்கிறான். ஆசிரியர் காட்டும் ஒவ்வொரு சிகரெட் துண்டுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. உண்மையான பேரேட்டில் அப்படி இல்லை. விசித்திரமாகத் தெரியும் பதிவுகளில் பெரும்பாலானவை களைப்பில் தட்டிய தவறான எண், இரண்டு முறை பதிந்த விலைப்பட்டியல், புதிதாகச் சேர்ந்த எழுத்தரின் குழப்பம் என்றுதான் முடியும். 'யாரோ ஒருவன் திருடியிருக்கிறான்' என்ற முடிவோடு கணக்கைத் திறக்கும் மாணவன் யாரையாவது பிடித்துக்கொடுத்துவிடுவான். நம் தொழிலில் இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை.

யோசனை புதிதும் அன்று. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியராக இருந்த லேரி கிரம்ளி, கணக்காளரையே துப்பறிவாளராக்கி, வகுப்பில் பயன்படுத்துவதற்கென்றே நாவல்கள் எழுதினார். ஆனால் அவற்றை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டாம் என்பேன். அந்நாட்டு வரிமுறையை விளக்கியே பாதி நேரம் போய்விடும்.

நம் மாணவர்களுக்கு முதல் கதை வீட்டிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். பள்ளியில் பத்தினிக் கதையாகப் படித்ததை, ஒரு சொத்து மோசடி வழக்கின் கோப்பாக மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். அரசியின் சிலம்பு காணாமல் போயிருக்கிறது. எடுத்தவன் பொற்கொல்லன். அதே போன்ற ஒற்றைச் சிலம்பை விற்க ஊருக்குப் புதியவன் ஒருவன் வருகிறான். பொற்கொல்லன் அரசனிடம் போய்க் கள்வன் அகப்பட்டான் என்கிறான். அரசனோ ஊடலில் இருக்கும் அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். நின்று விசாரிக்கப் பொழுதில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று, சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்று காவலர்க்கு ஆணையிடுகிறான்.

இந்த ஓர் ஆணையை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேசலாம். அரசன் வைத்த சோதனை, பொருள் கையில் இருக்கிறதா என்பது மட்டும்தான். அது அரசியின் பொருள்தானா என்ற சோதனை அதில் இல்லை. தகவல் தந்தவனுக்கும் காணாமல் போன பொருளுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. காவலர்கள் கோவலனைப் பார்த்து இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அதுவும் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்புதான், ஆதாரம் அன்று. அந்தத் தயக்கத்தை உடைக்கப் பொற்கொல்லன் என்ன செய்கிறான் பாருங்கள். கள்வர்கள் மந்திரம், மருந்து, நிமித்தம் என்று எட்டு வகைத் துணைகளை நம்பித் தொழில் செய்வார்கள் என்று நீளமாக விளக்குகிறான். அதாவது, குற்றத்தைச் செய்தவனே நிபுணர் சாட்சியாக வந்து நிற்கிறான். இதை நான் வகுப்பில் படித்துக் காட்டியபோது பின் வரிசையில் இருந்த ஒரு பெண், தான் வேலை பார்க்கும் இடத்தில் சரக்கு இருப்பு குறைந்ததற்கான விளக்க அறிக்கையை எழுதியவரே கிடங்கு மேலாளர்தான் என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு கண்ணகி. அவள் அழுது நியாயம் கேட்பதோடு நிற்கவில்லை. சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்றை முன்வைக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தங்களுடையது முத்து என்று அரசன், சிலம்பு உடைபடும் முன்பே, தன் வாயால் சொல்லிவிடுகிறான். அதன் பிறகுதான் சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. இரு தரப்பும் என்ன சொல்கின்றன என்பதை முதலில் பதிவு செய்துகொண்டு, பிறகு எல்லோர் முன்னிலையிலும் பொருளைத் திறந்து பார்ப்பது. இந்த வரிசை மாறினால் சான்றுக்கு மதிப்பில்லை. கிடங்கில் இருப்பு எண்ணப் போகும் தணிக்கையாளன் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இதுதான். மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் நினைவூட்டுவேன்.

அடுத்த கட்டத்துக்கு நீங்களே ஒரு கதை எழுத வேண்டியிருக்கும். பயப்படாதீர்கள், முப்பது பக்கம் போதும். கதையைவிட அதனோடு தரும் ஆவணக் கட்டுதான் முக்கியம். நான் எழுதியதில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரம், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறையில் அதன் கிடங்கு, 14 தொழிலாளர்கள். முதலாளி இறந்துபோகிறார், வெளிநாட்டிலிருந்து வரும் மகள் கணக்கைப் பார்க்கிறாள். கதைக்குள் கொலை இல்லை. அவர் நோயில் இறந்தார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன், மாணவர்கள் விஷத்தைத் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது என்பதற்காக.

ஆவணக் கட்டில் ஒரு விநியோகச் சீட்டு இருக்கிறது. பினாங்கு வீதியில் உள்ள ஒரு கடையில் 40 மூட்டை மிளகாய் வற்றல் காலை ஏழு மணிக்கு இறக்கியதாகக் கையெழுத்து. தேதியைப் பார்த்தால் தைப்பூசத்துக்கு முதல் நாள். வெள்ளி ரதம் அதே வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகும் காலை அது. தெரு முழுவதும் கூட்டமும் உடைத்த தேங்காய்களின் ஓடும். அந்த நேரத்தில் அங்கே லாரி எப்படி நுழைந்தது? ஈப்போவிலிருந்து வந்த மாணவன் இதைத் தாண்டிப் போய்விடுவான். ஜார்ஜ் டவுன் பிள்ளை சட்டென்று நிமிர்ந்து உட்காருவாள். கணக்குக்கு வெளியே இருக்கும் உலகத்தை அறிந்திருப்பதும் இந்தத் தொழிலின் கருவி என்பதை வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். சரக்கு முந்தின நாளே இறங்கி, எழுத்தர் மறுநாள் சீட்டு எழுதியிருக்கலாம். அப்படியானால் வேறு எந்தத் தாளில் அது தெரியும் என்று கேளுங்கள்.

அதே கட்டில் லாரி ஓட்டுநரின் செலவுப் படிவமும் இருக்கிறது. பினாங்குப் பாலத்துக்குப் போகவும் வரவும் டோல் கட்டியதாக இரண்டு தொகைகள். இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும்: அந்தப் பாலத்தில் தீவுக்குள் வரும்போதுதான் டோல், திரும்பிப் போகும்போது கிடையாது. மாணவர்கள் இதைக் கண்டுபிடித்ததும் வகுப்பே கைதட்டும். இந்த டோலுக்குக் கடைசியில் மறுபடி வருகிறேன்.

சம்பளப் பட்டியலில் 14 பேர். ஊழியர் சேமநிதிக்கு அனுப்பிய மாதப் பட்டியலில் 11 பேர். மூன்று பேர் பேய்த் தொழிலாளர்கள், பட்டியலில் மட்டும் இருப்பவர்கள், என்று உடனே கை தூக்குவார்கள். நல்ல சோதனைதான். சேமநிதியில் 2,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஆக 480 வெள்ளி. பெயர் மட்டுமே உள்ள ஆளுக்கு மாதம் 480 வெள்ளி கட்ட எந்தத் திருடனும் விரும்ப மாட்டான். அதனால் இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பழைய, நம்பகமான வழி. ஆனால் என் கதை நடக்கும் ஆண்டு 2023. அப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சேமநிதி கட்டாயமில்லை. 2025 அக்டோபர் சம்பளம் முதல்தான் அவர்களுக்கும் இரு தரப்பிலும் 2 விழுக்காடு வந்தது. அந்த மூவரின் கடப்பிதழ் நகல்கள் கட்டின் கடைசியில் இருக்கின்றன. அதுவரை பொறுமையாகப் புரட்டியவர்கள் மட்டும் பார்ப்பார்கள்.

எண்களின் முதல் இலக்கத்தைப் பற்றிய பென்ஃபோர்டு விதியையும் கதைக்குள் நுழைக்கலாம். மடக்கை அட்டவணைப் புத்தகங்களின் முதல் பக்கங்கள் மட்டும் அதிகம் அழுக்கேறியிருப்பதை 1881ஆம் ஆண்டில் வானியலாளர் சைமன் நியூகோம் கவனித்ததுதான் அதன் தொடக்கம்; அதுவே ஒரு துப்பறியும் கதைக்குரிய காட்சி. இயல்பாக உருவாகும் எண் தொகுதிகளில் 1இல் தொடங்குபவை சுமார் 30 விழுக்காடு, 9இல் தொடங்குபவை 5க்கும் குறைவு. இந்த விகிதம் தப்பினால், எண்களை யாரோ இட்டுக்கட்டியிருக்கலாம். ஆனால் சில நூறு பற்றுச்சீட்டுகள் கொண்ட சின்ன வியாபாரத்தில் இதை வைத்து யாரையும் சந்தேகிக்கக் கூடாது. அங்கே இதைவிட எளிய கேள்வி போதும்: 5,000 வெள்ளிக்கு மேல் முதலாளி கையெழுத்து வேண்டும் என்றால், 4,800க்கும் 4,990க்கும் இடையில் ஏன் இத்தனை சீட்டுகள்?

இதுவரை சொன்னவை எல்லாம் தாள்களைப் பற்றியவை. நாவலுக்கு மட்டுமே உள்ள பலம் வேறொன்று. 1953இல் வெளிவந்த ஆய்வில் அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களோடு பேசிப் பார்த்து, அவர்களிடம் பொதுவாக மூன்று கூறுகளைக் கண்டார். வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, கண்ணெதிரே ஒரு வாய்ப்பு, தன் மனத்துக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். முதல் இரண்டும் ஆவணத்தில் தெரியலாம். மூன்றாவது தெரியாது. அதைக் கதைதான் காட்ட முடியும்.

எனக்கு அதைக் காட்டியது ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தணிக்கை நிறுவனமொன்றில் நான் இளநிலை எழுத்தனாக இருந்த காலம். எங்கள் வாடிக்கையாளரான மொத்த வியாபாரி ஒருவரிடம் ஒரு காசாளர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. முதலாளி அதைப் பெருமையாகச் சொல்வார். அவருக்குத் திடீரென்று வயிற்றில் அறுவை சிகிச்சை. மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் கோபத்தோடு வந்தார்: போன மாதமே கட்டிவிட்டேன், ஏன் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினீர்கள்? ரசீது அவர் கையில் இருந்தது, பேரேட்டில் வரவு இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு 555 நோட்டு. கடைகளில் கடன் எழுத வைத்திருப்பார்களே, அந்தச் சட்டைப்பை அளவுப் புத்தகம்.

பக்கம் பக்கமாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். இடப்பக்கம் பணம் கட்டிய கடையின் பெயர், வலப்பக்கம் அந்தப் பணத்தை எந்தக் கடையின் பெயரில் வரவு வைத்தார் என்ற விவரம். இன்று வந்த பணத்தால் நேற்று எடுத்ததை மூடுவது, நாளை வருவதால் இன்றையதை மூடுவது. இதை ஒரு நாள் விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் விடுப்பே இல்லை. கம்பெனியின் பேரேடு பொய். அந்த அலுவலகத்தில் சென் வரை சரியாக இருந்த ஒரே கணக்கு அந்த 555 நோட்டுதான். பொய்க் கணக்கை ஓட்டுகிறவனுக்கு மெய்க் கணக்கு எங்கேயாவது வேண்டும், இல்லையென்றால் அவனே தொலைந்துபோவான். முதல் பக்கத்தில் முதல் தொகை 300 வெள்ளி. அதற்கு மேலே நேர்த்தியான கையெழுத்தில் ஒரு சொல்: கைமாற்று. நடுவில் சில பக்கங்களில் 50, 100 என்று அவர் திருப்பிப் போட்ட தொகைகளும் இருந்தன.

அந்த ஒரு சொல்லை நான் மறக்கவில்லை. வட்டியில்லாமல் நண்பனிடம் வாங்கித் திருப்பிக் கொடுப்பதற்கு நம் ஊரில் உள்ள சொல். தன்னைத் திருடன் என்று ஒரு நாளும் அவர் நினைத்திருக்க மாட்டார். உங்கள் மாணவர்களிடம் கிரெஸ்ஸியை விளக்கிய பிறகு ஒரு வேலை கொடுங்கள்: கையாடல் செய்தவரின் குரலில், தன்மையில், ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். 'திருட்டு' என்ற சொல் வரவே கூடாது. கைமாற்று, முன்பணம், எனக்குச் சேர வேண்டியது, வருஷக் கடைசியில் சரிக்கட்டிவிடுவேன் என்று என்னென்னவோ வரும். நாளைக்கு ஒரு நேர்காணலில் இந்தச் சொற்கள் காதில் விழும்போது அவர்களுக்கு அடையாளம் தெரியும்.

நேர்காணல் என்றதும் ஓர் எச்சரிக்கை. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கடைசியில் ஒருவரைச் சுட்டிக்காட்டும் காட்சியை நாவலில் ரசிக்கலாம், அலுவலகத்தில் செய்யக் கூடாது. விலகி நிற்பவர்களிடம் தொடங்கி, ஆவணங்கள் கையில் சேர்ந்த பிறகு, கடைசியாகத்தான் சந்தேகத்துக்குரியவரிடம் வர வேண்டும். அதுபோல் துப்பறிவாளன் அடுத்தவன் இழுப்பறையைத் திறப்பான், கணினியில் நுழைவான். இங்கே கணினி ஆவணம் நீதிமன்றத்தில் ஏற்கப்பட 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு இருக்கிறது. அந்தத் தாள் எந்தக் கணினியில் எப்படி உருவானது, யார் பொறுப்பில் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். நாவலைப் படிக்கும்போதே, துப்பறிவாளன் சான்றைக் கெடுக்கும் இடங்களைச் சிவப்பு மையால் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல பயிற்சி அது, நாவல் எவ்வளவு சுமாரானதோ அவ்வளவு சிவப்பு விழும்.

கொலையில்லாமல் கதை எழுதினேன் என்றேன். காரணம் இருக்கிறது. நம் நாட்டின் கணக்கு வரலாற்றில் உண்மையான ஒரு கொலை உண்டு. பேங்க் பூமிபுத்ராவின் ஹாங்காங் துணை நிறுவனமான பிஎம்எஃப், கேரியன் குழுமத்துக்குக் கொடுத்த கடன்கள் வங்கிக்குச் சுமார் 250 கோடி வெள்ளி இழப்பில் முடிந்தன. அந்தக் கடன்களைச் சரிபார்க்க அங்கே அனுப்பப்பட்டவர் ஜலீல் இப்ராஹிம். 1983 ஜூலையில் அவர் கொல்லப்பட்டார். உடல் ஒரு வாழைத் தோப்பில் கிடந்தது. அதன் பிறகு அமைந்த விசாரணைக் குழுவுக்கு நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நூருடின் தலைமை தாங்கினார். இதை நான் புதிராக நடத்துவதில்லை. ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கி, அந்தப் பெயரைச் சொல்லி, ஒரு கணக்காளன் தனியாக நிற்கும்போது என்ன ஆகலாம் என்று பேசுவேன். சந்தேகம் வந்தால் தனியே போய்க் கேட்காதே, யாரிடம் எழுத்தில் தெரிவிப்பது, 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் யாரைக் காக்கும் என்பதெல்லாம் அன்றுதான். பிள்ளைகள் அன்று வேறு விதமாகக் கேட்பார்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். 'யார் செய்தது' என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் தராதீர்கள். கடைசி அத்தியாயம் இல்லாத அந்தக் கதைக்கு ஐந்து பக்க அறிக்கை எழுதச் சொல்லுங்கள். அதில் 'மோசடி', 'குற்றவாளி' என்ற சொற்கள் வரக் கூடாது. அவை நீதிமன்றத்துக்கு உரியவை. பார்த்த ஆவணம் எது, அதில் என்ன இருக்கிறது, எது வேறு எதனோடு பொருந்தவில்லை, அதற்குக் குற்றமற்ற விளக்கம் ஏதேனும் உண்டா, அடுத்து எந்தத் தாளைக் கேட்க வேண்டும். இவ்வளவுதான். அறிக்கைகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மேசையைத் திறந்து அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள்.

என் கதையின் அத்தியாயத்தில் அந்த ஓட்டுநர் அன்று இரண்டு முறை தீவுக்கு வந்திருக்கிறார். முதல் நடையில் ஏற்றாமல் விட்ட பருப்பு மூட்டைகளை எடுக்கப் பிறைக்குத் திரும்பிப் போய் வந்தார். இரண்டு முறையும் டோல் கட்டினார். அலுவலகப் படிவத்தில் 'போக', 'வர' என்று இரண்டே கட்டங்கள் அச்சாகியிருந்ததால் அவற்றிலேயே எழுதிக் கொடுத்தார். கடைசியாக நான் நடத்திய வகுப்பில் ஒரு மாணவியைத் தவிர எல்லோரும் அவரைச் சந்தேக வரிசையில் வைத்திருந்தார்கள். அவள் எழுதியிருந்தது ஒரே வரி: லாரியின் டச் அண்ட் கோ (டோல் கட்டும்) அட்டை அறிக்கையைப் பார்க்கும் வரை இந்தத் தொகையைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.